கடைசியாக வந்த மின்னல்

 

ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றாலே ஜெயித்தவர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு கார் ரேஸில் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாக, வெள்ளை வெளேரென்று, கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் ஒரு டயர் பொம்மையைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கம்பெனியின் பெயர் அவர் குடும்பத்தின் பெயர்தான். எதுவார் மிச்செலின். பிரான்சு நாட்டுக்காரர். 1859-இல் பிறந்து 1940-இல் காலமானவர்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து பஸ் ஏறி வருகிற நமக்கும் அவருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நம்ம ஊர் கட்டை வண்டிக்கும் டயர் வண்டிக்கும் நடந்த போட்டிதான் அவர் வாழ்க்கையின் முதல் பாதி. நம்ம மில்லில் ஓடும் பருத்தி நூல்தான் அவர் டயரின் எலும்பு. நைலான் டயர் போடலாமா, ரேடியல் போடலாமா என்று லாரி ஷெட்டில் நடக்கிற வாதம் அவர் தொழிற்சாலையில் இருந்து கிளம்பியது. பழைய காலத்துக் கார்களைப் பழுது பார்த்து ரேஸ் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இன்றைக்கும் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே கேள்விக்குத்தான். ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு இது பாடம். மற்றவர்களுக்குக் கதை.

படம் வரையப் போனவர்

எதுவார் பிறந்தது பாரீஸில். அண்ணன் ஆந்த்ரே ஆறு வயது மூத்தவர், இஞ்சினியரிங் படித்தவர். தம்பிக்கு அந்தப் பக்கமே நாட்டம் இல்லை. ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, அந்தக் காலத்தில் பேர்பெற்ற பூகெரோ என்ற ஓவியரிடம் பயின்றுகொண்டிருந்தார். தூரிகையும் கையுமாகவே காலம் போயிருக்கும். தாய்வழித் தாத்தாவின் தொழிற்சாலை தள்ளாடியதால் போகவில்லை.

அந்தத் தொழிற்சாலை இருந்தது பிரான்சின் நடுவில் கிளெர்மோன்-ஃபெரான் என்னும் ஊரில். நம்ம ராஜபாளையத்துக்கு மேற்கே மலைத்தொடர் நிற்கிற மாதிரி, அந்த ஊருக்கு மேற்கே அணைந்துபோன எரிமலைகள் வரிசையாக நிற்கும். 1832-இல் தொடங்கிய பழைய பட்டறை. விவசாயக் கருவிகள் செய்வது முக்கிய வேலை. கொஞ்சம் ரப்பர் சாமானும் உண்டு. ரப்பர் அங்கே வந்த விதம் வேடிக்கையானது. பங்குதாரர்களில் ஒருவரின் மனைவி, ரப்பர் பூசிய மழைக்கோட்டு கண்டுபிடித்த மாக்கின்டோஷின் உறவுக்காரப் பெண். குழந்தைகள் விளையாட அவர் செய்து கொடுத்த ரப்பர் பந்தில் இருந்துதான் அந்தத் தொழில் முளைத்தது.

1886-இல் அண்ணன் ஆந்த்ரே பொறுப்பேற்றார். ஆனால் அவருக்குப் பாரீஸிலும் வேலை இருந்தது. தம்பியை அழைத்தார். 1889-இல் மிச்செலின் கம்பெனி என்று புதுப் பெயரோடு தொழிற்சாலை நடக்க ஆரம்பித்தபோது, தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் முப்பது வயது ஓவியர்! லேத் எது, மில்லிங் மெஷின் எது என்று முதல் வருஷம் நாம் விழித்தோமே, அதைவிட அவர் பாடு மோசமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு தொழிற்சாலைக்கு வந்தார். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் 1888-இல் காப்புரிமை வாங்கிய காற்றடைத்த டயர் அதில் இருந்தது. அந்த டயரை ரிம்மோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரிக்க, பஞ்சர் ஒட்ட, திரும்பக் கட்ட மூன்று மணி நேரம் ஆனது. பசை காய ராத்திரி முழுக்க வேண்டும். மறுநாள் காலை எதுவாரே அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்று போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் இந்த டயர் ஆகாது என்று ஒதுக்கியிருப்பார்கள். எதுவார் அதில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். காற்றின் மேல் உட்கார்ந்து போன அந்தச் சில நூறு மீட்டர் சுகம் நிஜம். பஞ்சர் ஆகத்தான் செய்யும், அதுவும் நிஜம். அப்படியென்றால் பஞ்சரைச் சீக்கிரம் சரிசெய்ய வழி பண்ணினால் போதும்! பசையை விட்டுவிட்டு, போல்ட்டால் இறுக்கிக் கழற்றி மாட்டுகிற டயரைச் செய்து 1891-இல் காப்புரிமை வாங்கினார். மூன்று மணி நேர வேலை கால் மணி நேரமாகச் சுருங்கியது.

அதே வருஷம் செப்டம்பரில் பாரீஸில் இருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் சைக்கிள் போட்டி. சுமார் 1200 கிலோமீட்டர். சார்ல் தெரோன் என்ற வீரர் மிச்செலின் டயரில் ஏறி, 71 மணி சொச்சத்தில் முதலாவதாக வந்தார். இரண்டாவது ஆளுக்கும் அவருக்கும் ஏறக்குறைய எட்டு மணி நேர இடைவெளி. அடுத்த வருஷம் சகோதரர்கள் செய்ததுதான் கொஞ்சம் குறும்பு. பாரீஸில் இருந்து தங்கள் ஊருக்கு ஒரு போட்டி வைத்து, வழியில் தாங்களே ஆணியைப் போட்டு வைத்தார்கள். பஞ்சர் ஆனால் என்ன, கழற்றி ஒட்டி ஏறி ஓட்டலாம் என்று ஊருக்குக் காட்டத்தான்! இந்தக் காலத்தில் செய்தால் போலீஸ் கேஸ் ஆகும்.

மின்னல் ஓடிய கதை

சைக்கிளுக்குச் சரி. காருக்கு? அந்த நாளில் கார்களுக்கு இரும்புப் பட்டா, இல்லாவிட்டால் கெட்டி ரப்பர். ஒரு டன் எடையுள்ள வண்டியைக் காற்று தாங்கும் என்று கார் செய்கிறவர்கள் யாரும் நம்பவில்லை.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். சக்கரத்தடியில் ஒரு கட்டை இருந்தால், முழுத் தேரும் அதன் மேல் ஏறி இறங்கியாக வேண்டும். சக்கரம் கொடுக்காது. கெட்டி டயர் போட்ட காரும் அப்படித்தான். ரோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியின் பாரத்தைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். அதில் இஞ்சினின் சக்தி வீணாவது ஒரு பக்கம், ஸ்போக்கும் அச்சும் ஒடிவது இன்னொரு பக்கம். காற்று டயர் கல்லைத் தனக்குள் விழுங்கிவிட்டு, வண்டியை அலுங்காமல் விடும். கட்டை வண்டியை விட்டு டயர் வண்டிக்கு மாறிய சம்சாரிகள், அதே மாட்டை வைத்துக் கூடுதல் பாரம் ஏற்றியதற்குக் காரணம் இதுதான்.

1895 ஜூன் மாதம் பாரீஸ் - போர்தோ - பாரீஸ் கார் பந்தயம் அறிவிக்கப்பட்டது. 1178 கிலோமீட்டர். காற்று டயர் போட்டு ஓட்ட ஒரு கம்பெனியும் முன்வராததால், மிச்செலின் சகோதரர்கள் தாங்களே வண்டி தயார் செய்தார்கள். ப்யூஜோ வண்டியில் படகுக்கு வைக்கிற டைம்லர் இஞ்சினைப் பொருத்தினார்கள். சக்தி 4 குதிரைதான். ஸ்டியரிங் சரியாகக் கேட்காமல் அது இடமும் வலமும் வளைந்து வளைந்து போனதால் எக்லேர், அதாவது மின்னல், என்று பெயர் வைத்தார்களாம். வேகத்துக்காக வைத்த பெயர் இல்லை! ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. அண்ணனும் தம்பியுமே ஏறி உட்கார்ந்தார்கள்.

பந்தயத்தில் முதலில் வந்தவர் எமில் லெவாசோர். கெட்டி டயர் போட்ட பனார் காரை, தூக்கம் இல்லாமல் தன்னந்தனியாக 48 மணி 48 நிமிஷம் ஓட்டி முடித்தார். மனித உடம்பு செய்த சாதனை என்று பார்த்தால் அதற்கு இன்றைக்கும் எழுந்து நின்று கைதட்டலாம். அப்போது நம்ம மின்னல் எங்கே இருந்தது? வழியில் எங்கேயோ, டயர் கழற்றிய நிலையில்! கொண்டுபோன 22 உபரி ட்யூபும் தீர்ந்துபோனது. பஞ்சர் ஒட்டுவதும் காற்றடிப்பதும் ஓட்டுவதுமாக, நூறு மணி நேரக் கெடுவும் தாண்டிய பிறகு கடைசியாக வந்து சேர்ந்தார்கள். பரிசுப் பட்டியலில் பெயர் இல்லை. லெவாசோர் காற்று டயருக்கு எதிர்காலம் இல்லை என்ற கட்சி.

ஆனால் கூர்ந்து பார்த்தவர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். பாதி வண்டிகளுக்கு மேல் வழியிலேயே படுத்துவிட்டன. மின்னல் மட்டும் எத்தனை தடவை நின்றாலும் திரும்பக் கிளம்பி ஓடியது. அதோடு, ஓடுகிற நேரத்தில் அது நன்றாகவே ஓடியது. இழந்த நேரம் எல்லாம் டயரைக் கழற்றி மாட்டியதில்தான். பத்தே வருஷத்தில் ரேஸ் கார்களில் கெட்டி டயரைத் தேடினாலும் கிடைக்காத நிலை வந்தது. 1899 ஏப்ரலில் ஜெனாட்சி என்பவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டியபோது அவர் வண்டியில் இருந்தது மிச்செலின் காற்று டயர். அது பேட்டரியில் ஓடிய எலெக்ட்ரிக் கார் என்பது உபரிச் செய்தி. எலெக்ட்ரிக் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பாவும் ஊடையும்

இந்த இடத்தை நான் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன். மில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது.

மின்னலின் ட்யூபுகள் ஏன் அப்படித் தீர்ந்தன? ரோட்டு ஆணி பாதிக் காரணம். மீதி டயருக்குள்ளேயே இருந்தது. ரப்பர் தனியாக நின்று காற்றின் அழுத்தத்தைத் தாங்காது, பலூன் மாதிரி ஊதிப் போகும். உள்ளே துணி வேண்டும். அந்த நாள் டயரில் இருந்தது பருத்திக் கித்தான். கித்தானில் பாவு நூல் ஒரு பக்கம், ஊடை நூல் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகும். டயர் உருளும்போது தரையைத் தொடுகிற இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அமுங்கி எழும். அப்போது பாவும் ஊடையும் ஒன்றையொன்று ரம்பம் மாதிரி அறுக்கும். சூடு ஏறும், நூல் அறும், டயர் வெடிக்கும்.

இதற்குத் தீர்வை அமெரிக்காவில் பால்மர் என்பவர் 1890-களில் சொன்னார். ஊடையே வேண்டாம்! பாவு நூலை மட்டும் பக்கம் பக்கமாக அடுக்கி, ரப்பரில் தோய்த்து ஒரு அடுக்கு. அதன் மேல் எதிர்ச் சாய்வில் இன்னொரு அடுக்கு. இரண்டுக்கும் நடுவே ரப்பர் இருப்பதால் நூலும் நூலும் உரசாது. அடுக்குகளைச் சாய்த்து வைப்பதால்தான் இதற்கு பயாஸ் டயர் என்று பெயர். தையற்காரர் துணியைக் கிராஸில் வெட்டுவாரே, அதே சங்கதி. நூல்கள் டயரின் நடுக்கோட்டுக்கு சுமார் 30 முதல் 40 டிகிரி சாய்வில் போகும். கித்தான் போய்க் கயிற்று நூல் வந்த பிறகு, 1920-களில் இருந்து டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது. பிறகு பருத்தி போய் ரேயான், அதற்கப்புறம் நைலான். லாரிக்காரர்கள் பயாஸ் டயரை இன்னமும் நைலான் டயர் என்றே சொல்வது இதனால்தான். நைலான் என்பது நூலின் பெயர், பயாஸ் என்பது அமைப்பின் பெயர். வைவாவில் கேட்டால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீங்க.

எதுவாரின் நடுவயதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில் அடுக்கி வைத்த டயர் குவியலைப் பார்த்து, இதற்குக் கை வைத்தால் மனுஷன் மாதிரி இருக்குமே என்று தோன்றியது அவருடைய ஓவியக் கண்ணுக்குத்தான். 1898-இல் அது பொம்மையாகப் பிறந்தது. ரப்பரில் கரித்தூள் சேர்க்காத காலம், டயர் வெளுப்பாக இருக்கும். அதனால்தான் பொம்மையும் வெள்ளை. 1900-இல் கார் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம். 1923-இல் குறைந்த காற்றில் ஓடும் அகலமான டயர். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் டயரில் ஓடும் ரயில்பெட்டி. 1934-இல் சிட்ரோயன் கார் கம்பெனி திவாலானபோது, பெரிய கடன்காரர் என்ற முறையில் அதையும் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று.

வெளியே இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோதே வீடு சரிந்தது. 1931-இல் அண்ணன் ஆந்த்ரே காலமானார். 1932-இல் மகன் எத்தியென் விமான விபத்தில் இறந்தார். சிட்ரோயனுக்குத் தலைமை தாங்கிய இன்னொரு மகன் பியேர், 1937 டிசம்பரில் ரோட்டில் கார் விபத்தில் இறந்தார். ரோட்டையும் டயரையும் தவிர வேறு சிந்தனை இல்லாமல் வாழ்ந்தவருக்கு ரோட்டிலேயே ஒரு மகன் போனான். அதன் பிறகும் அவர் தொழிற்சாலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் 25-ஆம் தேதி, தம் ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமத்தில், 81 வயதில் எதுவார் கண்ணை மூடினார்.

ஈக் கூண்டு

வாழ்க்கை வரலாறு இங்கே முடிய வேண்டும். ஆனால் டயரின் பெரிய திருப்பம் இதற்கு அப்புறம்தான் வந்தது. அவர் வளர்த்த ஆய்வுக்கூடத்தில் மாரியூஸ் மின்யோல் என்று ஒருவர் இருந்தார். அச்சுத் தொழிலில் இருந்து வந்தவர், இஞ்சினியர் பட்டம் கிடையாது. டயரில் சூடு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க, சோதனைக்காக ஒரு டயர் செய்தார்கள். பக்கச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் போகிற நூல்களை எடுத்துவிட்டு, ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு நேராக இடைவெளி விட்டுக் கம்பிகளை வைத்தார்கள். பார்க்க ஈ பிடிக்கிற கூண்டு மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தால் டயர் சூடே ஆகவில்லை!

கூண்டு வண்டியின் மூங்கில் வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நேராக வளைந்து போகும், ஒன்றையொன்று வெட்டாது. ரேடியல் டயரின் நூல் அப்படித்தான், நடுக்கோட்டுக்கு 90 டிகிரி. அது மட்டும் இருந்தால் டயர் நெளிந்து போகும். அதனால் பீப்பாய்க்குப் பட்டை கட்டுகிற மாதிரி, தேய்கிற முகத்துக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டைகளைச் சுற்றினார்கள். பக்கச் சுவர் மெத்தென்று வளையும், முகம் தட்டையாகத் தரையில் பதியும். பயாஸ் டயரில் சுவரும் முகமும் ஒரே உடம்பு. சுவர் வளைந்தால் முகமும் சேர்ந்து நெளியும், தேயும், சூடாகும். ரேடியலில் இரண்டும் தனித்தனி.

1946 ஜூனில் காப்புரிமை, 1949-இல் எக்ஸ் என்ற பெயரில் விற்பனை. எதுவார் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. 1951-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் லான்சியா கார் இந்த டயரில் தன் பிரிவில் ஜெயித்தது. ஆனாலும் உச்ச மட்ட ரேஸ்காரர்கள் பல வருஷம் பயாஸை விடவில்லை. 1977-இல் ரெனோ காரோடு மிச்செலின் ரேடியல் ஃபார்முலா ஒன்றில் இறங்கியது. 1978 தொடக்கத்தில் பிரேசிலில் ஃபெராரி ஓட்டிய ரோய்தெமான் அந்த டயரில் ஜெயித்தார். 1979-இல் ஷெக்டர் உலக சாம்பியனே ஆகிவிட்டார்.

பழைய காருக்கு எது?

சூடு குறைவு, தேய்மானம் குறைவு, பிடிப்பு அதிகம். அப்படியென்றால் 1930-லும் 1950-லும் செய்த ரேஸ் கார்களுக்கும் ரேடியலைப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். இங்கேதான் நம்ம பசங்க பலரும் வழுக்கி விழுவார்கள்.

வளைவில் போகும்போது சக்கரம் பார்க்கும் திசையும் வண்டி உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருக்காது. இரண்டுக்கும் இடையில் உள்ளது ஸ்லிப் ஆங்கிள். பயாஸ் டயர் இந்தக் கோணம் அதிகமான பிறகுதான் தன் முழுப் பிடிப்பைக் கொடுக்கும். அதைத் தாண்டினாலும் சட்டென்று விடாது, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். ஓட்டுகிறவருக்குக் கையில் தகவல் வந்துகொண்டே இருக்கும். ஃபான்ஜியோ போன்றவர்கள் 1950-களில் நாலு சக்கரமும் வழுக்க வழுக்கக் காரை வளைவில் மிதக்கவிட்டது இந்த டயரின் குணத்தால். ரேடியல் குறைந்த கோணத்திலேயே கெட்டியாகப் பிடிக்கும். விடும்போது அந்த அளவுக்கு அவகாசம் தராது.

பிடிப்பு கூடினால் அந்தச் சுமை எங்கே போகும்? ரிம்முக்கு, ஸ்போக்குக்கு, ஹப் பேரிங்குக்கு, ஸ்டியரிங் கைகளுக்கு. பயாஸ் டயரின் பிடிப்பைக் கணக்கில் வைத்துச் செய்த பழைய வண்டியில், ஸ்போக் வீல் அந்தக் கூடுதல் இழுப்பில் விட்டுப் போகலாம். இன்னொன்று. ரேடியல் முகம் தட்டையாகத் தரையில் பதிந்தால்தான் அதன் பலன். பழைய கார்களில் வளைவில் பாடி சாயும்போது சக்கரமும் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். உருண்டை முதுகுள்ள பயாஸ் டயர் அதைப் பொறுத்துக்கொள்ளும். ரேடியல் விளிம்பில் நின்று தேயும். வண்டியைச் செய்தவர்கள் ஸ்பிரிங் பட்டையையும் ஸ்டியரிங்கையும் அந்த நாள் டயருக்கு ஏற்றபடி அமைத்திருக்கிறார்கள். டயரும் சஸ்பென்ஷனில் ஒரு பாகம் என்பதை நம்ம பாடப் புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை, அது ஒரு குறை.

இதனால்தான் சர்வதேசப் பழைய கார் பந்தய விதிகளிலும் பல பிரிவுகளுக்கு அந்தக் காலத்து அமைப்பிலான டயரே கட்டாயம். டன்லப் பெயரில் அப்படிப்பட்ட ரேஸ் டயர்கள் இன்றும் கிடைக்கின்றன. நூறு வருஷச் சண்டைக்குப் பிறகும் பழைய கார் ரேஸில் டன்லப் பெயர் நிற்பதைப் பார்த்தால் எதுவார் முகம் சுளித்திருப்பார்!

என் கட்சி இது. 1960-க்கு முந்திய வண்டியை ரேஸ் ஓட்ட பயாஸ். ரேடியலோடு பிறந்த வண்டிக்கு ரேடியல். நடுவில் நிற்கிற வண்டிகளுக்குத்தான் யோசனை தேவை. அந்த வகை வண்டிகள் நம்ம நாட்டில் ஏராளம். சோழவரத்தில் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில், நம்ம ஃபியட்களும் அம்பாசடர்களும் பயாஸ் டயரோடு பிறந்தவை. பத்மினிக்கு 5.20-14, அம்பாசடருக்கு 5.90-15. இந்தியாவில் கார் ரேடியல் 1977-இல் வந்தது. 1983 கடைசியில் மாருதி வந்த பிறகு அது பரவியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் திறந்தபோது காற்று ரேடியல் பக்கம் திரும்பியிருந்தது.

பத்மினிக்கு ரேடியல் போட்டு வீட்டு உபயோகத்துக்கு ஓட்டுவதில் தப்பே இல்லை. மழைக்கு நல்லது, பெட்ரோலுக்கும் நல்லது. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங் திருப்பக் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வேகமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் ரிம்மைப் பாருங்கள், வெடிப்பு இருக்கிறதா என்று. அப்புறம் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள், சக்கரச் சாய்வு. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் டயர் கடைக்குப் போக வேண்டும். பக்கச் சுவரில் அளவுக்கு நடுவே ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். வெறும் கோடு இருந்தால் பயாஸ்.

லாரி, பஸ் விஷயம் வேறு கணக்கு. திருமங்கலத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகிற நம்ம ரோட்டில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டிகள் நைலான் டயரைத்தான் வெகுகாலம் நம்பின. தடித்த பக்கச் சுவர் கல்லடியைத் தாங்கும், ரீட்ரேடிங்குக்கும் வசதி. ரோடு நல்லாக நல்லாக ரேடியல் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2009-இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் எதுவாரின் கம்பெனியே தொழிற்சாலை கட்டியது. அங்கே முதலில் செய்தது லாரிக்கும் பஸ்ஸுக்குமான ரேடியல்.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. எந்த வண்டியானாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், ஒரு பக்கம் பயாஸ் கூடவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்பது அதைவிட ஆபத்து. முன்பக்கம் கெட்டியாகப் பிடிக்க, பின்பக்கம் வழுக்க, வண்டி வளைவில் தட்டாமாலை சுற்றிவிடும். வேறு வழியே இல்லாமல் இரண்டு வகையும் போட நேர்ந்தால் ரேடியல் பின்னால் போக வேண்டும். நாலும் மாற்றிவிட்டேன் என்று சந்தோஷமாகக் கிளம்புகிறவர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஒரு தடவை பார்த்துவிடட்டும். முன்பக்கம் பஞ்சராகி, பயாஸ் போட்ட பத்மினிக்குப் பழைய ரேடியல் ஸ்டெப்னியை மாட்டினால், மேலே சொன்ன இரண்டு தப்பும் ஒரே நேரத்தில் நடந்துவிடும்.